பதிவை அழித்துவிட்டோம், செய்தியை அழிக்க முடியவில்லை

பதினோரு மாணவர்களிடம் ஒரே பாஸ்வேர்டு இருந்தது. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான்தான். பின்னால் வரப்போகிற தவறுகளுக்கெல்லாம் மாணவர்கள் மேல் பழி போடுவது சுலபம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு வருடம் நிருபராகவும் உதவி ஆசிரியராகவும் வேலை பார்த்துவிட்டு, ஒரு கல்லூரியின் இதழியல் துறைக்குப் பகுதிநேர ஆசிரியராகப் போனேன். சமூக ஊடகத்தில் செய்தியாளராக இயங்குவது எப்படி என்று ஒரு தாள். பாடத்திட்டம் அரைப் பக்கம்தான் இருந்தது, மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார்கள். எனக்கு ஏக சந்தோஷம். கரையில் உட்கார்ந்து படம் பார்த்தால் யாருக்கும் நீச்சல் வராது, தண்ணீரில் தள்ளிவிட வேண்டியதுதான் என்பது அப்போது என் கொள்கை. முதல் வாரமே எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் பாடத்துக்கென்று ஒரு கணக்கு தொடங்கச் சொன்னேன். சுறுசுறுப்பான ஒரு மாணவி தன் போன் நம்பரைக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு பதிவின் கீழும் எழுதியவரின் சொந்தக் கணக்கையும் இணைக்கச் சொன்னேன், பெயர் வெளியே வரட்டுமே என்று. அக மதிப்பெண் 25. அதில் பத்து, பதிவு எத்தனை பேரால் பகிரப்படுகிறது என்பதற்கு. அந்தப் பத்து மதிப்பெண்ணை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி வாக்கில், கல்லூரியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு கிடங்கு தீப்பிடித்தது. அந்த மாணவி அந்தப் பக்கம்தான் தங்கியிருந்தாள். உடனே ஓடினாள். 9.25-க்கு அவள் போட்ட முதல் பதிவு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. தானே எடுத்த படம், இடம், நேரம், எத்தனை தீயணைப்பு வண்டிகள் நிற்கின்றன என்ற கணக்கு, ‘உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் இன்னும் சொல்லவில்லை’ என்ற ஒரு வரி. ஒரு மூத்த நிருபர் போட்டிருந்தாலும் அதைவிடச் சரியாகப் போட்டிருக்க மாட்டார். அதை முப்பது பேர் பகிர்ந்தார்கள். முப்பது பேருக்கு என் கணக்கில் மதிப்பெண் இரண்டு.

9.48-க்கு இரண்டாவது பதிவு. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஆட்கள் குதிக்கிறார்கள், பின்னால் தீ. மேலே ‘3 பேர் பலி என அஞ்சப்படுகிறது’ என்று எழுதியிருந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் 1,900 பகிர்வு. அந்தக் கிடங்குக்கு இருந்ததே ஒரு மாடிதான். அவள் அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். ஆனால் அந்த நேரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது கட்டடத்தை அல்ல, கையிலிருந்த திரையில் ஏறிக்கொண்டிருந்த எண்ணை. அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

10.40-க்குத் தீயணைப்பு அதிகாரி வெளியே வந்து யாரும் சாகவில்லை, புகையில் மூச்சுத்திணறிய இரண்டு பேர் மட்டும் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்றார். 10.52-க்கு அவள் அந்தப் பதிவை அழித்தாள். பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தாள். “சார், தப்பாயிடுச்சு. ஆனா டெலீட் பண்ணிட்டேன்.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிம்மா, நல்லதாப் போச்சு. போய்த் தூங்கு.” அச்சில் ஒரு பெயரின் எழுத்து மாறிப்போனதற்காக மறுநாள் பக்கத்தில் திருத்தம் போடவேண்டும் என்று ஆசிரியரோடு சண்டை போட்டவன் நான். திரை என்றதும் அந்தப் பழக்கமெல்லாம் எங்கே போனதோ.

பன்னிரண்டரைக்குப் பழைய சக ஊழியர் ஒருவர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். எங்கள் கணக்கை மேற்கோள் காட்டி வேறு இரண்டு கணக்குகள் ‘மூன்று பேர் பலி’ என்று ஓட்டிக்கொண்டிருந்தன. அதைவிட மோசம், நாங்கள் அழித்ததே இப்போது புதிய செய்தியாகியிருந்தது. ‘ஏன் அழித்தார்கள்? யார் மிரட்டினார்கள்? சாவு எண்ணிக்கையை மறைக்கிறார்களா?’ பதிவில் இணைத்திருந்த சொந்தக் கணக்கு வழியாக அந்தப் பெண்ணின் பிறந்தநாள் படம் வரைக்கும் எடுத்துப் போட்டு, கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். உடனே திருத்தம் போடலாம் என்று கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. பதற்றத்தில் வேறு யாரும் எதையும் போட்டுவிடக் கூடாதே என்று ஒரு மாணவன் 11.30-க்குப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, எங்களிடம் சொல்லாமல் தூங்கிவிட்டான். மாற்றியதும் மற்ற எல்லோருடைய போனிலும் கணக்கு தானாக வெளியேறிவிட்டது. புது பாஸ்வேர்டு கேட்டால் குறியீடு அந்த மாணவியின் நம்பருக்குப் போகிறது. வசவுகளுக்குப் பயந்து அவள் போனை அணைத்து வைத்திருந்தாள். அவன் போன் சைலண்டில். நான் கட்டிலில் உட்கார்ந்து மாறிமாறி இரண்டு நம்பருக்கும் அடித்துக்கொண்டே விடியவைத்தேன். உள்ளே போக முடிந்தது காலை 8.20-க்கு. உண்மை தெரிந்த பிறகு ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல் எங்கள் தரப்பிலிருந்து உலகத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

உள்ளே போனதும் இன்பாக்ஸைப் பார்த்தேன். அதுவரை அதை யாரும் திறந்ததே இல்லை, திறக்கவேண்டும் என்று நானும் சொன்னதில்லை. 63 செய்திகள். அதில் ஒருவருடையதை மட்டும் இங்கே சொல்கிறேன். யாரென்று தெரியாதிருக்க வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். 10.05: ‘அந்த 3 பேர் பேர் தெரியுமா? எங்க அண்ணன் அங்கதான் நைட் ஷிப்ட்.’ 10.11: ‘ப்ளீஸ், பதில் சொல்லுங்க.’ 10.30: ‘போன் எடுக்க மாட்டேங்கிறார். எந்த ஆஸ்பத்திரின்னாவது சொல்லுங்க, கிளம்பிட்டோம்.’ அப்புறம் நள்ளிரவு தாண்டி 1.15-க்கு: ‘அண்ணன் வந்துட்டார். இனிமே இப்படிப் போடாதீங்க.’

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நினைத்தாலே களைப்பாக இருக்கிறது. விளக்கக் கடிதம், மூன்று விசாரணை. “நீங்க போடச் சொன்னீங்களா, இல்லையா?” என்ற ஒரே கேள்வியை ஏழு விதமாகக் கேட்டார்கள். கணக்குகளைப் பற்றி எழுத்தில் ஒரு விதியும் துறையில் இருக்கவில்லை, அதனால் எல்லா விதியையும் நான்தான் மீறியதாக ஆனது. பாடத்தை ஆறு வாரம் நிறுத்தினார்கள், அந்தப் பருவத்து ஊதியத்தில் பாதி போயிற்று. கிடங்குத் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. நோட்டீஸ் வரவில்லை. வரும் என்று பயந்து நான் பார்த்த வழக்கறிஞருக்குக் கொடுத்த பணமும் திரும்ப வரவில்லை. இது எதுவும் பெரிதில்லை. அந்த மாணவி ஒன்பது நாள் வகுப்புக்கு வரவில்லை. முதலில் எனக்கு அவள் மேல் கோபம்தான், ஒளிப்பானேன். மாடியை எண்ணக்கூடவா தெரியாது என்று. விசாரணையில் அவள் எனக்கு எதிராக ஒரு சொல் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தபோது அந்தக் கோபம் எங்கே திரும்பவேண்டுமோ அங்கே திரும்பியது. இந்த மாதிரி ஒரு பாடத்தை எடுத்த யாராவது எனக்கு முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரைக் கேட்பது என்றுகூட அப்போது தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் விஷயம் மதிப்பெண். பகிர்வுக்கு, லைக்குக்கு, பின்தொடர்வோர் எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கொடுக்காதீர்கள். 2018-இல் சயன்ஸ் இதழில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய, உண்மை பொய் என்று ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட செய்திகளை எடுத்துப் பார்த்ததில், பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம் என்று வந்தது. எண்ணிக்கைக்கு மதிப்பெண் வைத்த நான் எதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அதைப் படித்தபோதுதான் உறைத்தது. இப்போது அந்தப் பத்து மதிப்பெண் ஒரு குறிப்பேட்டுக்கு. ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் யாரிடம் கேட்டாய், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து உறுதி செய்தாய் என்று எழுதவேண்டும். முக்கியமாக, போடலாமா என்று யோசித்துப் போடாமல் விட்டவற்றையும் எழுதவேண்டும். சென்ற பருவத்தில் அதிக மதிப்பெண் வாங்கியவன் நாலு மாதத்தில் போட்டது ஒன்பது பதிவுதான். விட்டவை இருபத்தேழு. ஒவ்வொன்றையும் ஏன் விட்டான் என்று படித்தால் சுவாரசியமாகவே இருக்கும்.

அடுத்தது, முதல் நாலு வாரம் வெளியே ஒன்றும் போகக் கூடாது. வெளியாள் பார்க்க முடியாத ஒரு குழுவில் பயிற்சி. நான் பழைய படம், வெட்டிய வீடியோ, பாதி உண்மையான செய்தி எல்லாவற்றையும் கலந்து, நிஜ நேரத்தில் வருவது போல ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவேன். வெள்ளம் வந்த நெடுஞ்சாலையில் கார் பக்கத்தில் சுறா நீந்தும் படம் எப்போதும் அதில் இருக்கும். 2011-இல் ஒரு புயலுக்குச் சுற்றியது, 2017-இல் ஹூஸ்டன் வெள்ளத்தில் மறுபடி வந்தது. அந்தச் சுறா தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு துடுப்புப் படகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது, அங்கிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு படம் இணையத்தில் முன்பு எங்கே வந்தது என்று தேடித்தரும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டால் மாணவர்கள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். அதற்கு நான் மயங்குவதில்லை. பொய்யென்று முன்பே ஊருக்கே தெரிந்த படத்தைக் கண்டுபிடிப்பது விளையாட்டு. பத்து நிமிடத்துக்கு முன்னால் முதல்முறையாக வெளியான வீடியோ தேடலில் எங்கேயும் கிடைக்காதே, அப்போது என்ன செய்வாய் என்பதுதான் கேள்வி. தேடலில் கிடைக்கவில்லை என்றால் உண்மை என்று அர்த்தமில்லை. இந்த ஒரு வரியைப் பலகையில் எழுதி அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த இடத்தில் பழைய நிருபர் வேலைதான் கைகொடுக்கிறது. இது முதலில் போடப்பட்டதா, நகலா? எடுத்தவர் யார்? எப்போது? எங்கே? எதற்காகப் போட்டார்? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தில் கேமரா பதிந்த தேதி, இடம் எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். அதனால் அனுப்பியவரிடம் மூலக் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லவேண்டும். அதே இடத்தில் முன்னும் பின்னும் எடுத்த வேறு படங்களைக் கேட்கவேண்டும். உண்மையிலேயே அங்கே நின்றவரிடம் பொதுவாக ஒன்றுக்கு மேல் இருக்கும், சுட்டு அனுப்பியவரிடம் அந்த ஒன்றுதான் இருக்கும். எல்லாவற்றையும்விடப் போனில் பேசவேண்டும். “நீங்க நிக்கிற இடத்துல இடது பக்கம் என்ன தெரியுது?” என்று கேட்டால், அங்கே நிற்பவர் யோசிக்காமல் சொல்வார். வீடியோ என்றால் நாலைந்து காட்சியைப் படமாக்கித் தனித்தனியாகத் தேடவேண்டும், பெயர்ப் பலகை, வண்டி எண், நிழல், மாடி எல்லாம் பார்க்கவேண்டும். ‘மாடியை எண்ணியாச்சா?’ என்பது இப்போது எங்கள் வகுப்பில் ஒரு சொல்வழக்கு. எதற்கு அப்படிச் சொல்கிறோம் என்று புதியவர்களுக்குத் தெரியாது.

கணக்கைச் சரிபார்ப்பதிலும் ஒன்று சொல்லவேண்டும். நீலக் குறியைப் பார்த்து நம்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2023 ஏப்ரலில் பழைய அடையாளக் குறிகளை எக்ஸ் எடுத்துவிட்டது, இப்போது பணம் கட்டினால் நீலக் குறி கிடைக்கும். ஒரு கணக்கை எடைபோட அந்தக் கணக்கையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது, வெளியே போகவேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். வரலாற்றாய்வாளர்கள் 10 பேர், உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். எல்லோரிடமும் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்களே பக்கத்தின் அழகிலும் லோகோவிலும் ஏமாந்தார்கள். உண்மை சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, புது டேப் திறந்து, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நான் இதை வகுப்பில் மாப்பிள்ளை விசாரிப்பது போல என்பேன். மாப்பிள்ளையிடமே கேட்டால் நல்லவன் என்றுதான் சொல்வான்.

கணக்கு யாருடையது என்பது எனக்கு மிக விலையான பாடம். மாணவர் நம்பரில், மாணவர் மெயிலில் கணக்கு தொடங்கவே கூடாது. துறையின் மெயில், ஒரு பொறுப்பாளர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர். பாஸ்வேர்டைக் குழுவில் போடக் கூடாது. பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியை வைத்துக்கொள்ளுங்கள், எக்ஸில் பணம் கட்டாதவர்களுக்கு எஸ்எம்எஸ் வழி 2023 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. அவசரக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு அலமாரியில் பூட்டுங்கள். கேட்பதற்குப் பாட்டி வைத்தியம் போல இருக்கும், எனக்கு அந்த இரவில் வேண்டியிருந்தது அந்த உறைதான். உள்ளே நுழைய முடியாமல் போவது ஒரு பக்கம், வேறு யாரோ நுழைந்துவிடுவது இன்னொரு பக்கம். 2013 ஏப்ரல் 23 அன்று ஏபி செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றியவர்கள் வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்து ஒபாமா காயம் என்று ஒரு வரி போட்டார்கள். சில நிமிடங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் 140 புள்ளி அளவுக்கு விழுந்து, பொய் என்று தெரிந்ததும் எழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் அங்கே ஊழியர்களுக்குப் பாஸ்வேர்டைத் திருடும் போலி மெயில் வந்திருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே அப்படியென்றால், பதினோரு பேர் கையில் பாஸ்வேர்டு இருந்த என் வகுப்பைப் பற்றிக் கேட்கவேண்டுமா.

இனி திருத்தம். அழிப்பது திருத்தம் ஆகாது. நாங்கள் அழித்தபோது 1,900 பேர் பகிர்ந்த பொய் அவர்களிடமே இருந்தது, எங்களிடமிருந்த சாட்சி மட்டும் போயிற்று. தவறான பதிவு இன்னும் சுற்றி யாரையாவது நோகடிக்கும் என்றால் எடுத்துவிடலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட், எடுத்த அடுத்த நிமிடம் புதுப் பதிவு. அதில் மழுப்பல் கூடாது. ‘சில தகவல்களில் பிழை நேர்ந்திருக்கலாம்’ என்பது திருத்தமல்ல, தலைமறைவு. இன்று வகுப்பில் எழுதவைப்பது இப்படி இருக்கும்: ‘இரவு 9.48-க்கு நாங்கள் வெளியிட்ட பதிவு தவறு. கிடங்குத் தீயில் யாரும் இறக்கவில்லை என்று தீயணைப்பு அதிகாரி 10.40-க்குத் தெரிவித்தார். அதிலிருந்த வீடியோ இந்த இடத்தில் எடுத்ததல்ல. பதிவை நீக்கிவிட்டோம். வருந்துகிறோம்.’ அதை ஒரு நாள் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைக்கவேண்டும். எங்களைப் பார்த்து எடுத்துப் போட்டவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போய் அதைப் பதிலாகப் போடவேண்டும், அவர்கள் கண்டுகொள்ளாவிட்டாலும். தேர்வில் ஒரு கேள்வி இதற்கென்றே வைக்கிறேன், நேரம் பன்னிரண்டு நிமிடம். நன்றாக எழுதுகிற பிள்ளைகள்கூட முதல்முறை ‘நாங்கள் தவறு செய்தோம்’ என்ற வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையில் ஒளித்துவைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும், விளக்கக் கடிதத்தில் நான் எழுதியதும் அப்படித்தான் இருந்தது.

சாவு எண்ணிக்கைக்குத் தனி விதி. பெயர் சொல்லிப் பேசும் அதிகாரி இல்லாமல் எண் போடுவதில்லை. ‘என அஞ்சப்படுகிறது’, ‘என்று கூறப்படுகிறது’, ‘உறுதிப்படுத்தப்படாத தகவல்’ எல்லாம் நம் மனசாட்சிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மருந்து, படிக்கிறவருக்கு அந்த எண் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அடுத்தவர் படத்தைக் கேட்காமல் எடுப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள், ‘அதான் கிரெடிட் போட்டுட்டோமே சார்’ என்பார்கள். அப்போது டேனியல் மோரலின் கதையைச் சொல்வேன். 2010 ஜனவரியில் ஹெய்தி நிலநடுக்கத்தின்போது அங்கிருந்த இந்தப் புகைப்படக்காரர் தன் படங்களை ட்விட்டர் வழியாகப் போட்டார். வேறொருவர் அவற்றைத் தன்னுடையதென்று போட, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அங்கிருந்து எடுத்து, கெட்டி என்ற பட நிறுவனம் வழியாக உலகம் முழுக்க அனுப்பியது. வழக்குப் போட்டார். 2013-இல் நடுவர் குழு அவருக்குக் கொடுக்கச் சொன்ன தொகை 12 லட்சம் டாலர். பொதுவெளியில் இருக்கிறது என்பதும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் வேறு வேறு. கேட்கும்போதும் முறை உண்டு. ஆபத்தில் நிற்பவரிடம் முதல் கேள்வி ‘பத்திரமா இருக்கீங்களா?’ என்பதுதான், படத்தைப் பற்றி அப்புறம். நான் மாணவர், இன்ன இடத்தில் இதைப் போடுவேன், உங்கள் பெயர் வேண்டுமா வேண்டாமா என்று தெளிவாகச் சொல்லவேண்டும். இன்னும் நல்ல கோணம் கிடைக்குமா என்று அவரை நெருப்புக்குப் பக்கத்தில் அனுப்பக் கூடாது. இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது.

சொந்தக் கணக்கைப் பாடக் கணக்கோடு இணைக்கச் சொன்னது என் இன்னொரு மடத்தனம். இப்போது தொழிலுக்கென்று தனிக் கணக்கு, அதில் குடும்பப் படம், வீட்டு இடம், போன் நம்பர் எதுவும் கிடையாது. ‘கருத்துகள் என் சொந்தக் கருத்துகளே’ என்று அறிமுகத்தில் எழுதிவிட்டால் காப்பு என்று நினைக்கிறார்கள். 2010 ஜூலையில் சிஎன்என் நிறுவனத்தில் இருபது வருடம் வேலை பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர், இறந்துபோன ஒரு மதத் தலைவருக்கு மரியாதை தெரிவித்து ஒரே ஒரு ட்வீட் போட்டு, அதே வாரத்தில் வேலையை இழந்தார். அது நியாயமா என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கும், நடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். வசவு வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சண்டையில்லாமல் ஒத்திகை பார்க்கிறோம். திட்டு வாங்குபவர் தன் திரையைப் பார்க்கக் கூடாது, நண்பர் ஒருவர் போனை வாங்கிக்கொண்டு பார்ப்பார், பிளாக் செய்வதற்கு முன் இணைப்பு, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பார், மிரட்டல் என்றால் அன்றைக்கே துறைக்கும் காவல்துறைக்கும் போகும். அந்த மாணவி அந்த இரவில், போனை அணைக்கும் வரை, தனியாக, இருட்டில், எல்லாவற்றையும் தானே படித்துக்கொண்டிருந்தாள். பத்தாவது நாள் வகுப்புக்கு வந்தவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இன்றைக்கு ஒரு செய்தி அறையில் சரிபார்ப்புப் பிரிவில் இருக்கிறாள், வருடத்துக்கு ஒரு முறை என் வகுப்புக்கு வந்து பேசுகிறாள். தன் பதிவைத் தானே திரையில் போட்டுக் காட்டுவாள். என்னால் இன்னும் அந்த அளவுக்கு முடியவில்லை.

கடைசியாக இன்பாக்ஸ். எவ்வளவு சின்ன கணக்காக இருந்தாலும் செய்தி போட்ட பிறகு இரண்டு மணி நேரம் வருகிற செய்திகளை ஒருவர் பார்க்கவேண்டும். போட்டவர் இல்லை, வேறொருவர். தெரியாதவர்கள் அனுப்பும் செய்தி தனிப் பெட்டியில் போய் விழும், அதையும் திறக்கவேண்டும். தவறு என்று முதலில் சொல்கிறவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். அன்று 10.05-க்கு யாராவது திறந்திருந்தால், ‘எங்களுக்கு உறுதியாகத் தெரியாது, இந்த நம்பரில் தீயணைப்பு நிலையத்தைக் கேளுங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தக் குடும்பம் மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருக்காது. இப்போது எங்களிடம் யார் எப்போது பார்ப்பது என்ற முறைப் பட்டியல் இருக்கிறது, விடுமுறையிலும் பெயர் இருக்கும்.

அண்ணனைத் தேடிச் செய்தி அனுப்பிய அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று சென்ற பருவத்தில் ஒரு மாணவன் கேட்டான். காலை ஒன்பதுக்கு எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதியது நீளம், ஏன் அப்படி ஆயிற்று என்ற விளக்கம் எல்லாம் இருந்தது. அழித்தேன். மதியம் வரை அழித்து அழித்து எழுதி, கடைசியில் அனுப்பியது நாலு வரி. ‘நான் இவர்களுடைய ஆசிரியர். அந்தப் பதிவு தவறு. நீங்கள் கேட்டபோது பதில் சொல்ல இங்கே யாரும் இல்லை, அது என் தவறு. உங்கள் அண்ணன் நலமாக வந்தது பெரிய நிம்மதி.’ அதற்குப் பதில் வரவில்லை. படித்தார் என்ற குறி மட்டும் அன்று மாலை வந்தது.